சீனாவுக்கு அனுப்புங்கள், டொக்டராக்க அல்ல

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவையும் உயர்தரம் எழுதிவிட்டாள், மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி எட்டவில்லை. கனடாவில் இருக்கும் பெரியப்பா, நிலாவெளிக் காணியை விற்றுச் சீனாவில் எம்.பி.பி.எஸ். படிக்க வைக்கச் சொல்கிறார். பிள்ளையோ கைபேசியில் தானாகவே சீனம் படிக்கிறாள். கோயில் அறநெறி வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு இருப்பதுதான் அவளுக்குச் சந்தோஷம். அவர்களுக்குச் சீனம் படிப்பிக்கப் போகிறேன் என்கிறாள். இந்தப் பைத்தியத்தை எப்படித் தெளிய வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

யோசிக்காதீர்கள், எல்லாம் சரியாகும் என்று எழுதி முடித்துவிடலாம். காணி விற்கிற பேச்சு வந்த பிறகு அப்படி எழுத எனக்கு மனமில்லை.

சீனாவில் மருத்துவம் ஐந்து வருடப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தினாலும் வார்ட்டில் நோயாளி சீனத்தில்தான் பேசுவார். திரும்பி வந்தால் இலங்கை மருத்துவச் சபையின் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் தேற வேண்டும். தேறாதவரை இங்கே வைத்தியராக வேலை செய்ய முடியாது. இரண்டு தடவை விருப்பமில்லாமல் இரசாயனவியல் எழுதிய பிள்ளை இது. பெரியப்பா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் வருடா வருடம் கட்டணம் கட்டப்போவது அவர் இல்லை. காணியை விற்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஊரில் எல்லோரும் சொல்லும் மற்றப் படிப்புகளை விடுகிறேன். மகள் கேட்பதைப் பார்ப்போம்.

சின்னப் பிள்ளைகளுக்கு மொழி படிப்பிப்பது தனித் தொழில். சீனத்தில் ஒரே 'மா' நான்கு தொனியில் அம்மா, சணல், குதிரை, ஏசுதல் என்று மாறும். பெரியவர்களுக்கு இதைக் கோடு போட்டு விளக்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்: நேராக, மேலே, பள்ளத்தில் இறங்கி ஏறி, வெட்டிக் கீழே. வகுப்பே கையசைத்துச் சொல்லும். பிறகு ஒலி. சீனத்தில் இரண்டு வகைப் 'ப' உண்டு. சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் அவை b, p. ஒன்றில் மூச்சுக்காற்று வெளியே வரும், மற்றதில் வராது. தமிழில் அந்த வேறுபாடு இல்லை, ஆகவே நம் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். வாய்க்கு முன்னால் ஒரு கீற்றுக் கடதாசியைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். கடதாசி ஆடினால் ஒரு ஒலி, ஆடாவிட்டால் மற்றது. பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று பீஜிங்கிலிருந்து வரும் ஆசிரியருக்கு உடனே தெரியாது. தமிழ் பேசி வளர்ந்தவளுக்குத் தெரியும். மகளின் மூலதனம் இதுதான்.

எண்கள் இலகு. பத்து வரை தெரிந்தால் போதும். இருபது என்பது நம்மைப் போலவே இரண்டு பத்துதான், தொண்ணூற்றொன்பது வரை அப்படியே போகலாம். எழுத்தைக் கண்டு பயப்படுவார்கள். மரத்துக்கு ஒரு எழுத்து, அதை இரண்டாகப் போட்டால் தோப்பு, மூன்றாகப் போட்டால் காடு என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினால் பயம் பாதி போய்விடும். கலாசாரத்துக்கும் தூரம் போக வேண்டியதில்லை. சீனரின் எட்டாம் மாதப் பௌர்ணமி விழா பெரும்பாலும் நமது போயா விடுமுறையோடு வரும். நம் பிள்ளைகள் நிலாவில் வடை சுடும் பாட்டியைப் பார்க்கிறார்கள், சீனப் பிள்ளைகள் மருந்து இடிக்கும் முயலைப் பார்க்கிறார்கள். ஒரு பாடம் தயார்! நமக்கும் சீனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உறவினர்கள் கேட்டால், காலியில் கிடைத்து இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டைச் சொல்லுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் காலத்துக் கல், அதில் சீனமும் தமிழும் பாரசீகமும் இருக்கின்றன.

இனி வழி. சீன மொழி படிப்பிக்கும் கன்பூசியஸ் நிறுவனம் களனிப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. எச்.எஸ்.கே. என்பது சீன மொழித் தேர்ச்சிப் பரீட்சை. பிள்ளைகளுக்கென்று வை.சி.ரி. என்று நான்கு நிலைகள் கொண்ட தனிப் பரீட்சை உண்டு. முதல் நிலைக்கு 80 சொற்கள்தான். மகள் நாளை படிப்பிக்கப்போவது அதைத்தான், அதனால் அந்தப் பாடப்புத்தகத்தை இப்போதே வாங்கட்டும்.

சர்வதேச சீன மொழி ஆசிரியர் புலமைப்பரிசில் என்று ஒன்று இருக்கிறது. சீனத்தைப் பிறமொழியினருக்குக் கற்பிக்கும் இளமாணிப் பட்டத்துக்கும் அது கிடைக்கும். படிப்புக் கட்டணம், தங்குமிடம், மருத்துவக் காப்புறுதி, மாதம் 2,500 யுவான் செலவுப்பணம். விமானச் சீட்டை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கேட்கும் தகுதி எச்.எஸ்.கே. நான்காம் நிலையில் 300க்கு 210, சீனப் பேச்சுப் பரீட்சையின் இடைநிலையில் 60 புள்ளி. இளமாணிக்கு வயது 25க்குள் இருக்க வேண்டும். பரிந்துரையைக் கன்பூசியஸ் நிறுவனமோ பரீட்சை நிலையமோ தரலாம். நிபந்தனைகள் மாறக்கூடும், அந்தந்த வருட அறிவித்தலைப் பாருங்கள். நடுவில் ஏஜென்சிக்காரர் யாராவது காசு கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

வேலை? அரசாங்கப் பாடசாலை ஆரம்பப் பிரிவில் சீனம் பாடம் இல்லை, ஆகவே அங்கே நியமனத்தை எதிர்பார்க்க வேண்டாம். உயர்தரத்தில் பாடமாக இருக்கிறது. சர்வதேசப் பாடசாலைகள், ஒன்லைன் வகுப்பு, சொந்த ரியூசன் என்றுதான் தொடங்கும். உங்கள் திருகோணமலையிலேயே மாதச் சம்பளத்துக்கு உட்காரலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். முதல் சில வருடம் கொழும்பில் இருக்க வேண்டி வரும். மொழிபெயர்ப்பாளர் வேலையில் காசு கூட என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பிள்ளைக்கு விருப்பம் சின்னப் பிள்ளைகளோடு என்றால் அதை மாற்றாதீர்கள்.

விருப்பம் உண்மையா என்று பார்க்கவும் வேண்டும். ஒரு தவணை முழுக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் காசு வாங்காமல் சனிக்கிழமைகளில் நடத்தட்டும். அதோடு எச்.எஸ்.கே. இரண்டாம் நிலையை எழுதட்டும். இரண்டையும் செய்யாமல் புலமைப்பரிசில் பேச்சு வேண்டாம். 23 வயதுக்குள் நான்காம் நிலை வரவில்லை என்றால் சீனத்தைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு ஆரம்பக் கல்வி ஆசிரியர் பயிற்சிக்குப் போகட்டும். இந்த நிபந்தனையை அவளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.