ஈரோடு மாவட்ட மலைப்பகுதியான தாளவாடியில் சிவப்புத் தோல் உருளைக்கிழங்கு, குறிப்பாகக் குஃப்ரி சிந்தூரி, போடலாமா?

போடலாம், ஆனால் அவசரக்காரர்களுக்கு இந்த ரகம் ஆகாது. 1967-ல் வெளியான இது வட இந்தியச் சமவெளிக்கு ஏற்ற ரகம்; முதிர 110–120 நாள் பிடிக்கும். உருண்டைக் கிழங்கு, கண் கொஞ்சம் ஆழம் (தோல் சீவுகிறவர்கள் முணுமுணுப்பார்கள்). இருப்பு வைத்தால் நன்றாகத் தாங்கும், அதனால் விலை சரிந்த வாரத்தில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட வேண்டியதில்லை.

இராத்திரி வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் கிழங்கு சரியாகப் பிடிக்காது. எனவே கீழே சமவெளியில், கோபி, பவானிப் பக்க வயல்களில் இதை முயல வேண்டாம். மேலே தாளவாடியிலும் குளிர் மாதங்களுக்குள் அறுவடை முடிகிற மாதிரி நடுங்கள். பின்பருவ இலைக்கருகல் வந்தால் தாங்காது. மூடுபனி விடாத நாட்களில் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அப்புறம், செடியின் அடியில் மண் அணைப்பதில் கஞ்சம் வேண்டாம். வெயில் பட்ட கிழங்கு பச்சையாகும், சிவப்புத் தோலில் அது சட்டென்று தெரியாது.