மின்சார கார் தீப்பிடிக்குமா? வாசகர் கேள்வி–பதில்

மகன் மின்சார கார் வாங்கச் சொல்கிறான். பெட்ரோல் காரைவிட அதுதான் அதிகம் தீப்பிடிக்கும் என்கிறார்களே? (வாசகி, பள்ளத்தூர்)

இல்லை, பெட்ரோல், டீசல் கார்கள்தான் அதிகம் எரிகின்றன. ஸ்வீடனின் 2022 கணக்கில், சுமார் 6 லட்சம் மின்சார, பிளக்-இன் (பெட்ரோலோடு சார்ஜிலும் ஓடும்) கார்களில் தீப்பிடித்தவை 23. சுமார் 44 லட்சம் பெட்ரோல், டீசல் கார்களிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 3,400. ஆனால் மின்சார கார்கள் பெரும்பாலும் புதியவை. ஹோஸ் வெடித்து, சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் சொட்டி எரிவதெல்லாம் பழைய வண்டிகளில்தான் அதிகம். அதனால் அந்த வித்தியாசத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊரில் பயம் வந்தது 2022 கோடையில் ஸ்கூட்டர்கள் எரிந்தபோது. அதற்குப் பிறகு அந்த வகை வண்டிகளுக்கான ஏஐஎஸ்-156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, அந்த டிசம்பரிலிருந்து அமலுக்கு வந்தது. கார் வாங்கும்போது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியா என்று கேளுங்கள். இன்னொரு வகையான, நிக்கல் கலந்த என்எம்சி செல் 200 டிகிரியை ஒட்டியே, தீயை வளர்க்கும் ஆக்சிஜனை வெளிவிடத் தொடங்கும். எல்எஃப்பி அவ்வளவு எளிதில் விடாது. சித்திரை வெயிலில் நிறுத்துவதால் மட்டும் நல்ல பேட்டரி பற்றிக்கொள்ளாது.

தாத்தா காலத்து வீடு. முகப்பில் இருக்கும் ஏ.சி. பாயிண்டில் சார்ஜ் போடலாமா? (வாசகர், தேவகோட்டை)

தயவுசெய்து போடாதீர்கள். காரைவிட அந்த பாயிண்டை நினைத்துத்தான் எங்களுக்குக் கவலை. ஏ.சி. விட்டு விட்டு இழுக்கும்; கார் சார்ஜர் 15 ஆம்பியர் வரை விடியவிடிய ஒரே சீராக இழுக்கும். சாக்கெட்டுக்குள் ஸ்க்ரூ தளர்ந்து அரை ஓம் தடை வந்தாலே போதும், அந்த விரலளவு இடத்தில் 112 வாட் சூடு கிளம்பும். மரப்பட்டியில் ஓடும் பழைய ஒயர், மேலே பர்மா தேக்கு உத்தரம். நெருப்புக்கு வேறென்ன வேண்டும்?

மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே அணையும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது), சரியான எர்த். உங்கள் பக்க வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். மீட்டர் முன்வாசலிலும் ஷெட் பின்வாசலிலும் இருந்து, தூரம் 30 மீட்டரைத் தாண்டினால் 6 சதுர மில்லிமீட்டர் போடச் சொல்லுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் கேட்கும். அதற்கு ஒயரும் எம்சிபியும் வேறு. மின்வாரியத்தில் லோடு கூட்டாமல் மாட்டக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதற்குமே ஆகாது.

முதல் நாள் அரை மணி நேரம் ஓடியதும் பிளக்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் சார்ஜை நிறுத்துங்கள். பிளக் முள் பழுப்பேறியிருந்தாலோ துளையின் ஓரம் உருகியிருந்தாலோ சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்ற வேண்டும்.

கார் எரிந்தால் தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் போதுமா? (வாசகர், காரைக்குடி)

பெட்ரோல் காருக்குத் தொடக்கத்தில் உதவும். பானெட்டை முழுக்கத் திறக்காதீர்கள். காற்று புகுந்து தீ குப்பென்று எழும். லேசாக விலக்கி, இடுக்கு வழியே அடியுங்கள்.

பேட்டரி எரிந்தால் பவுடர் மேல் தீயைத்தான் அமர்த்தும், செல்லின் சூடு அப்படியே இருக்கும். அதைக் குளிர்விக்க ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டும். ஊருணியிலிருந்து குடம் குடமாக ஊற்றி ஆகாது. காரின் அடியில் உஸ்ஸென்ற சத்தத்தோடு வெள்ளைப் புகை வந்தால் அது நீராவி அல்ல. ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃப்ளோரைடு எல்லாம் கலந்த நச்சு. எந்த நொடியிலும் பற்றும். காற்று வரும் திசையில் 15 மீட்டராவது விலகி நின்று 101 அல்லது 112-ஐ அழைத்து, ‘மின்சார கார்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். அணைந்த வண்டி சில மணி நேரம் கழித்தும், ஏன், சில நாள் கழித்தும் மறுபடி எரியலாம். அதனால் அதை வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள்.

திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வருகிறோம். கார் மூன்று மாதம் பூட்டிய வீட்டிலேயே நிற்கும். என்ன செய்யலாம்? (வாசகர், கானாடுகாத்தான்)

சார்ஜை 50 சதவீதத்தை ஒட்டி வைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள். திரும்பியதும் ஓட்டும் முன் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று மெக்கானிக்கை விட்டுப் பாருங்கள். பெட்ரோல் காருக்கும் இதேதான். ஆரஞ்சு நிற ஒயர் உயர் மின்னழுத்தம். அதில் நீங்களும் கை வைக்காதீர்கள், பயிற்சி இல்லாத மெக்கானிக்கும் வைக்கக் கூடாது.