மேடை பிளாஷுக்கு எவ்வளவு பவர்?

கேள்வி: ரிசப்ஷன் மேடையின் இரு பக்கமும் பிளாஷை ஸ்டாண்டில் நிறுத்தி, கேமராவில் டிரிகர் (பிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவி) மாட்டி எடுக்கிறேன். பவரைத் தானாக முடிவு செய்யும் டிடிஎல்லில் ஒரு படம் வெளுக்கிறது, அடுத்தது இருட்டடிக்கிறது. மேனுவல், அதாவது பவரை நானே வைப்பது என்றால் எந்த பவரில் தொடங்குவது? குரூப் போட்டோவுக்காக நான் பின்னால் போகும்போது பவரையும் கூட்ட வேண்டுமா சார்?
- கல்யாண போட்டோகிராபர், கும்பகோணம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். பந்தி வாசலில் நின்று ஜூம் செய்து எடுத்தாலும், ஸ்டாண்ட் நகராதவரை மணமக்கள் முகத்தில் விழும் வெளிச்சம் அதேதான். கேமரா தலையில் பிளாஷை மாட்டியே பழகியவர்களுக்கு இது லேசில் பிடிபடாது. அங்கே நீங்கள் நகர்ந்தால் பிளாஷும் கூடவே வரும். இங்கே கணக்கெல்லாம் ஸ்டாண்டுக்கும் ஆளுக்கும் நடுவில்தான்.

டிடிஎல் ஏன் தடுமாறுகிறது? படத்துக்கு முன் ஒரு குட்டி வெளிச்சத்தை அடித்து, திரும்பி வருவதை அளந்துதான் பவரை முடிவு செய்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பெரியப்பாக்கள் மேடையேறினால் குறைத்துவிடும். மாப்பிள்ளை கருநீலக் கோட்டோடு தனியாக நின்றால் கூட்டிவிடும். ஸ்டாண்டும் நகரவில்லை, ஆளும் நகரவில்லை. பவர் மட்டும் எதற்கு மாற வேண்டும்? மேடைக்கு மேனுவல்தான். அசிஸ்டென்ட் பிளாஷைக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பில் கூடவே நடக்கும்போது டிடிஎல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தொடக்க பவர். 35 மி.மீ. ஜூமில் உங்கள் பிளாஷின் கைடு நம்பர் (அதன் வலிமையைச் சொல்லும் எண், தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் கிடைக்கும்) 36 என்று வைத்துக்கொள்வோம் (மேனுவல் புத்தகத்தில் பாருங்கள், அட்டைப் பெட்டியில் போடும் 60 பெரும்பாலும் 200 மி.மீ. ஜூமுக்கானது). அது ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 100-க்கு. 400-க்குப் போனால் இரட்டிப்பாகி 72. ஸ்டாண்ட் 3 மீட்டரில் இருந்தால் 72-ஐ 3-ஆல் வகுங்கள்: ஃபுல் பவரில் எஃப் 24. உங்களுக்கு வேண்டியது எஃப் 5.6, அதாவது ஏறக்குறைய நாலு ஸ்டாப் கீழே (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரட்டிப்பு). 1/2, 1/4, 1/8, 1/16 என்று இறங்கினால் 1/16. வெளிச்சத்தை மென்மையாக்கும் வெள்ளைக் குடை போட்டால் அது இரண்டு ஸ்டாப் அளவுக்குத் தின்னும். ஆகவே 1/4-ல் தொடங்குங்கள். ஒரு படம் எடுத்துப் பார்த்து அரை ஸ்டாப் முன்பின் திருத்தினால் போதும். அடுத்த பக்க பிளாஷும் அதே தூரத்தில், அதே குடையோடு நின்றால் அதை டிரிகரில் தனியாகப் பவர் வைக்கும் பி குரூப்பில் போட்டு 1/8 வையுங்கள். இரண்டும் சமமாக அடித்தால் முகம் தட்டையாகிவிடும், மூக்குத்தி கூட எடுபடாது.

ஃபுல் பவர் பக்கம் போகாதீர்கள். பிளாஷ் சார்ஜ் ஏறுவதற்குள் மொய்க் கவர் கைமாறிவிடும்.

குரூப்பில் வேறொரு சிக்கல் உண்டு. வரிசையின் ஓரத்தில் நிற்கும் அத்தை ஸ்டாண்டுக்கு ஒட்டி நின்று வெளுத்துப் போவார். ஸ்டாண்டை உயர்த்தி, பின்னால் தள்ளுங்கள். 2.8 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குப் போனால் ஒரு ஸ்டாப் குறையும், 5.6-க்குப் போனால் இன்னொன்று. அப்பர்ச்சர் எண்களேதான், தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். பவரை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.

மேடை அலங்கார விளக்குகள் மங்கலாகத் தெரிந்தால் பிளாஷைத் தொடாதீர்கள், ஷட்டரை 1/200-லிருந்து 1/100-க்கு இறக்குங்கள்.

கேள்வி: மகாபலிபுரம் கடற்கரையில், நடுப்பகலில் எஃப் 2.8 வைத்து 1/3200-ல் எடுத்தால் பிளாஷ் எட்டவே இல்லை. ஏன்?
- வாசகி, செங்கல்பட்டு

பதில்: 1/200, 1/250-க்கு மேல் போனதும் பிளாஷ் ஹை ஸ்பீட் சிங்க்குக்கு மாறி, ஒரே அடியாக அடிக்காமல் துடித்துத் துடித்து அடிக்கும். பவரில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். லென்ஸில் என்டி 16 ஃபில்டர் (வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காக்கும் கருப்புக் கண்ணாடி) மாட்டி, ஷட்டரை 1/200-க்கு இறக்குங்கள். எஃப் 2.8 அப்படியே இருக்கட்டும், ஐஎஸ்ஓ 100. குடையைக் கழற்றிவிட்டு, ஃபுல் பவரில், ஆளிடமிருந்து 3 மீட்டருக்குள் பிளாஷை வையுங்கள். ஸ்டாண்டை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், அங்கே அடிக்கும் காற்றுக்கு மணலில் நிற்காது.