ஓடும்போது மட்டும் சேரும் தண்ணீர்

வணக்கம் அண்ணா. களனி கங்கை கடலில் சேரும் மட்டக்குளியில் கட்டி நிற்கும்போது படகு காய்ந்தே இருக்கிறது, அரை மணி நேரம் ஓடினால் எஞ்சினுக்கு அடியில் தண்ணீர் என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் முதலில் எஞ்சினைக் குளிர்விக்க வெளித்தண்ணீரை இழுக்கும் பம்பைப் பாருங்கள். அதன் சீல் தேய்ந்தால் பெரும்பாலும் எஞ்சின் சுழலும்போதுதான் சொட்டும். பம்புக்குக் கீழேயும் புகைக்குழாய் இணைப்புகளுக்கு அடியிலும் காய்ந்த பேப்பரை விரித்துவிட்டு, கியர் போடாமல் ஓடவிடுங்கள். பெல்ட் பக்கம் கை போகவே கூடாது.

பேப்பர் நனையாவிட்டால், அப்புறம் புரொப்பெல்லர் ஷாஃப்ட் படகிலிருந்து வெளியேறும் இடத்தைப் பாருங்கள். அங்கே தண்ணீரைத் தடுக்க ஷாஃப்ட்டைச் சுற்றியிருப்பது கயிற்றுப் பேக்கிங் என்றால் ஓடும்போது ஓரிரு சொட்டு வழமைதான், தாரையாக வரக்கூடாது.

சேர்ந்த தண்ணீர் வெளியிலிருந்து வந்ததா என்று நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பதை மட்டக்குளியில் நம்பாதீர்கள். மழைக்காலத்தில் களனி கங்கை முகத்துவாரத்து நீரின் உப்பையே குறைத்துவிடும்.