கவர் போட்டு நிறுத்திய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: கோவை பீளமேட்டில் இருக்கிறேன். பெங்களூரில் ஒருவர் 2013 மாடல் பி.எம்.டபிள்யூ இசட்4 எஸ்டிரைவ் 35ஐ விற்கிறார். அவர் இரண்டாவது ஓனர். 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் கவர் போட்டு, மழை வெயில் படாமல் வைத்திருந்தாராம். போட்டோவில் புது வண்டி போலவே இருக்கிறது. 28 லட்சம் கேட்கிறார். எனக்கு இது இருபது வருட ஆசை. நம்பி வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? தமிழ்நாட்டு நம்பருக்கு எப்படி மாற்றுவது?

பதில்: ஆசைப்பட வேண்டிய வண்டிக்குத்தான் ஆசைப்பட்டிருக்கிறீர்கள். நீண்ட பானெட், பின்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்து ஓட்டுகிற அமைப்பு, இருபது விநாடியில் மடங்கி டிக்கிக்குள் போகும் அலுமினியக் கூரை. முன்னால் 2,979 சிசி, ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன். என்54 என்று பெயர் பெற்ற இந்த என்ஜினை மற்ற மாடல்களிலிருந்து எடுத்துவிட்ட பிறகும் இசட்4-இல் 2016 வரை வைத்திருந்தார்கள். அதன் ஆரம்பக் காலத் தொல்லைகளில் பெரியது ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப். அதற்காக 2010 அக்டோபரில் அமெரிக்காவில் சுமார் 1,30,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். உங்களுடையது 2013 வண்டி என்பதால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் திருத்தப்பட்ட பிறகு வந்தது. அது நல்ல செய்தி.

என்னை யோசிக்க வைப்பது நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள்தான்: 31,000 கிலோமீட்டர், பேஸ்மென்ட் கவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு இருநூறு கிலோமீட்டர் சொச்சம் வருகிறது. பெங்களூரிலிருந்து மைசூருக்கு மாதம் ஒருமுறை போய்வரக்கூட அது காணாது. அந்த இருநூறும் எப்படி ஓடியது என்பது அதைவிட முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடியிருந்தால் கவலையில்லை. பேட்டரி இறங்கக்கூடாது என்று பேஸ்மென்ட்டிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்திருந்தால் அது என்ஜினுக்குக் கெடுதல். ஆயில் முழுச் சூடு ஏறாமலே நின்றுவிடும். உள்ளே படிந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து தங்கிவிடும். எத்தனாலும் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது என்பதால், அது கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கில் கிடப்பதும் நல்லதில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்காக இதேபோல ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்க பெங்களூர் போயிருந்தேன். கவரை இழுத்ததும் வண்டி கண்ணாடி போல மின்னியது. சீட்டில் ஒரு சுருக்கம் இல்லை. பானெட்டைத் திறந்து என்ஜின் மேல்மூடியைக் கழற்றினேன். அடியில் ஒரு கைப்பிடி தேங்காய் நார், நான்கைந்து வேர்க்கடலைத் தோல், பக்கத்தில் இன்ஜெக்டருக்குப் போகும் வயரில் எலி கடித்து செம்பு தெரிந்தது. டயரைப் பார்த்தால் கம்பெனியிலிருந்து வந்த அதே டயர். பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஓனர் பொய் சொல்கிற ஆளில்லை. வண்டியின் மேல் அவருக்கு உயிர். ஆனால் துடைத்து மூடி வைப்பதையே பராமரிப்பு என்று நினைத்துவிட்டார். அந்த வண்டியை வாங்கினோம், விலையை வேறு விதமாகப் பேசித்தான் வாங்கினோம்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது சர்வீஸ் பில். கிலோமீட்டரைப் பார்க்காமல் தேதியைப் பாருங்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில் மாற்றியிருக்கிறாரா? பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறியிருக்கிறதா? வண்டியின் திரை, அடுத்த சர்வீஸுக்கு இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் இருக்கிறது என்று காட்டும். அதை நம்பி இரண்டு மூன்று வருடம் ஆயிலைத் தொடாமல் விட்ட வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். இந்த என்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியும் கிடையாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். தேன் நிறத்தில் மெல்லிய படலம் இருந்தால் சரி. கறுப்புப் பசை போல ஒட்டியிருந்தால் அந்த ஆயில் காலம் கடந்து ஓடியிருக்கிறது.

பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டு, நன்றாக ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். ஆறிய என்ஜின்தான் உண்மையைச் சொல்லும். பட்டனை அழுத்தியதும் சட்டென்று பிடிக்க வேண்டும். நீண்ட நேரம் சுற்றிப் பிடித்தால் மேலே சொன்ன பெட்ரோல் பம்ப், இல்லாவிட்டால் இன்ஜெக்டர் மேல் சந்தேகம். குலுங்கலுடன் ஓடினால் வால்வில் கார்பன் படிந்திருக்கலாம். இது நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீச்சும் வகை என்பதால் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் பட்டுக் கழுவுவதே இல்லை. வால்நட் ஓட்டின் தூளைக் காற்றோடு பீச்சியடித்துச் சுத்தம் செய்வார்கள். அது செலவுதான், ஆனால் பயப்படுகிற செலவில்லை.

என்ஜின் சூடேறிய பிறகு ஓட்டுங்கள். இரண்டாயிரம் ஆர்.பி.எம். வாக்கில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் தகரடப்பாவில் கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் வந்தால் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் என்ற கதவு தளர்ந்திருக்கிறது. சிக்னலில் இரண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டு எடுக்கும்போது பின்னால் நீலப் புகை கிளம்பினால் ஆயில் எரிகிறது. இந்த இரண்டும் பெரிய செலவு. கியர்பாக்ஸ் ஏழு கியர் இரட்டை கிளட்ச். நெரிசலில் மெதுவாக ஊரவிட்டுப் பாருங்கள். முதல் கியரில் உதறல் இருக்கக்கூடாது.

அப்புறம் லிஃப்டில் ஏற்ற வேண்டும். இதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஆயில் ஃபில்டர் பொருந்தும் பகுதியின் கேஸ்கெட் வயதானால் இறுகிக் கசியும். கசிகிற ஆயில் நேரே கீழே உள்ள பெல்ட்டின் மேல் விழும். ஊறிப்போன பெல்ட் பிய்ந்து, அந்த நார் கிராங்க் சீல் வழியாக என்ஜினுக்குள்ளேயே இழுபட்ட கதைகள் இந்த என்ஜினில் உண்டு. அந்தக் கேஸ்கெட் சின்ன ரப்பர் வளையம்தான், கவனிக்காமல் விட்டால் என்ஜினையே காவு கேட்கும். அடுத்தது வாட்டர் பம்ப். இது பெல்ட்டில் சுற்றுவதில்லை, மின்சாரத்தில் ஓடுவது. பெரும்பாலும் அறிகுறி எதுவும் காட்டாமல் ஒருநாள் நின்றுவிடும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால், தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து நீங்கள்தான் மாற்றப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். லிஃப்டில் இருக்கும்போதே வேகத்தடையில் உரசிய தடங்களையும், ரிம்மின் உள்விளிம்பில் வளைவோ விரிசலோ இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

கூரையை மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். ஒருமுறை வேலை செய்வது பெரிதில்லை. மூன்றாவது முறையும் அதே வேகத்தில், திணறாமல், இரண்டு பக்கமும் சமமாக வந்து அமர வேண்டும். ரப்பர் சீல்களை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று இருந்தால் நல்லது, காய்ந்து கோடு விழுந்திருந்தால் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே வரும். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமும் பூஞ்சை வாடையும் இருக்கக்கூடாது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கிய கார்கள் வேறு ஊர்களுக்குப் போய்க் கைமாறியிருக்கின்றன. பெங்களூரிலும் பேஸ்மென்ட்டுக்குள் மழைநீர் புகாமல் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். எத்தனை பாலிஷ் போட்டாலும் அங்கே யாரும் துடைப்பதில்லை.

காந்தம் வைத்து டிங்கரிங் கண்டுபிடிக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. இந்த வண்டியில் பானெட்டும் கூரையும் அலுமினியம் என்பதால் காந்தம் ஒட்டாது. அதைப் பார்த்து பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று பதற வேண்டாம். அலுமினியத்திலும் அளக்கக்கூடிய பெயிண்ட் மீட்டர் வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால், ரோட்டைத் தொடும் பட்டன் தேயாமல் இருந்தாலும் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துவிடுங்கள். இதில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர்தான் அதற்குப் பதில். யாராவது சாதா டயருக்கு மாற்றியிருந்தால் வழியில் என்ன செய்வது என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: ட்யூனிங் செய்திருக்கிறாரா? என்54 என்ஜின் உலகம் முழுக்கப் பேர் வாங்கியதே சாஃப்ட்வேரை மாற்றினால் மளமளவென்று சக்தி ஏறுவதால்தான். அப்படி ஏற்றி ஓட்டிவிட்டு, விற்கும் முன் பழையபடி மாற்றியிருக்கவும் கூடும். பி.எம்.டபிள்யூவுக்கான சாஃப்ட்வேர் உள்ள ஒர்க்ஷாப்பில் முழு ஸ்கேன் எடுத்தால் பழுதுப் பதிவுகளோடு அவை எந்தக் கிலோமீட்டரில் வந்தன என்பதும் தெரியும். மீட்டர் 31,000 காட்டும்போது ஒரு பழுது 46,000-இல் பதிந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும். பதிவே இல்லாமல் எல்லாம் அன்று காலையில்தான் அழிக்கப்பட்டிருந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

இப்போது ஆர்.டி.ஓ. வேலை. மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் எத்தனையாவது, கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, அபராதச் சலான் பாக்கி உண்டா என்று பாருங்கள். பேங்க் கடன் ஆர்.சி.யில் ஏறியிருந்தால் பேங்கின் கடிதமும் படிவம் 35-உம் வாங்கி அதை முதலில் நீக்க வேண்டும். பிறகு பெங்களூர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும்; அதில் கோவையில் உங்கள் முகவரிக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பெயர் சரியாக இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. என்.ஓ.சி. எடுத்துத் தருவது விற்பவரின் பொறுப்பு என்று பேசி, அது கைக்கு வரும்வரை ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள்.

தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் பன்னிரண்டு மாதம் அவகாசம் தருகிறது. அதை நம்பி வரியைத் தள்ளிப்போடாதீர்கள். வண்டியின் வயதையும் விலையையும் வைத்து இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். இந்த ரக வண்டிக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டு 28 லட்சத்தோடு கூட்டிப் பாருங்கள். இங்கே பதிவான பிறகு, கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். அது அலைச்சல் பிடித்த வேலை, வந்தால் வரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. முதல் பதிவிலிருந்து 15 வருடம்தான் ஆர்.சி. செல்லும் என்பதால் 2028-இல் தகுதிச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வாங்கலாமா என்றால், வருடாவருடம் ஆயில் மாற்றிய பில்லும் சுத்தமான ஸ்கேனும் இருந்தால் வாங்குங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 31,000 ஓடி பில் இல்லாத வண்டியைவிட 60,000 ஓடி எல்லா பில்லும் உள்ள வண்டியைத்தான் எடுப்பேன். கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையிலேயே போட்டுவிடாதீர்கள். இது சென்னை ஆலையில் பூட்டிய வண்டி இல்லை, முழுதாக இறக்குமதியானது. கூரைக்கோ பாடிக்கோ ஒரு பாகம் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரக் காத்திருக்க வேண்டும். விலையில் பத்தில் ஒரு பங்காவது முதல் வருடச் செலவுக்கு என்று தனியாக வையுங்கள்.

வாங்கியதும் பழைய டயரோடு தொப்பூர் இறக்கத்தில் இறங்கி கோவைக்கு ஓட்டி வர வேண்டாம். ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி வாருங்கள். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட் எல்லாம் மாற்றுங்கள். பேட்டரி மாற்றினால் அதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதுப் பேட்டரியையும் பழையதாக நினைத்தே சார்ஜ் செய்யும். பிறகு வாரம் ஒருமுறையாவது முக்கால் மணி நேரம் அவிநாசி பக்கம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்றை மட்டும் அனுப்பிவையுங்கள்: கடைசி மூன்று சர்வீஸ் பில், முழு ஸ்கேன் ரிப்போர்ட், நான்கு டயரிலும் உள்ள அந்த நான்கு எண்கள். பார்த்துவிட்டு 28 லட்சத்தைப் பற்றிப் பேசலாம்.