நாய் இரவில் எங்கே படுக்க வேண்டும்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் கோத்தகிரிக்கு அருகில், தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கிடந்த ஒரு குட்டியைத் தூக்கி வந்தான். மணி என்று பெயரிட்டு வளர்க்கிறோம். சென்ற மாதம் எங்கள் தெருவில், வாசலில் சங்கிலியால் கட்டியிருந்த நாயைச் சிறுத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. காலையில் சங்கிலி மட்டும் கிடந்தது. அன்றிலிருந்து என் மகன் சரியாக உறங்குவதில்லை. ஏனென்றால் மணியையும் இரவில் வாசலில்தான் கட்டுகிறோம். அவிழ்த்துவிட்டால் ஓடியாவது பிழைக்கும் என்கிறார் கணவர். அவிழ்த்துவிட்டால் ஊர் சுற்றும், நாய் வாசலில்தான் கிடக்க வேண்டும், வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறார் மாமனார். கோவையில் இருக்கும் என் தம்பியோ ராட்வைலர் குட்டி ஒன்று தருகிறேன், பெரிய நாய் இருந்தால் சிறுத்தை அண்டாது என்கிறான். கட்டுவதா, அவிழ்ப்பதா? இப்படிப்பட்ட ஊரில் நாய் வளர்ப்பதே பாவமா? மாலையில் மணியைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போகலாமா என்று கேட்கும்படி மகனும் சொன்னான்.

ஒரு வாசகி, கோத்தகிரி
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டவும் வேண்டாம், அவிழ்த்துவிடவும் வேண்டாம். இன்றிரவே மணியை வீட்டுக்குள் படுக்க வையுங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல விரும்புவதன் சாரம் இதுதான். இரவில் நாய்க்குக் கதவுக்கு உள்ளே ஓர் இடம் தர முடியாதவர்கள் நம் மலையில் நாய் வளர்க்கக் கூடாது என்பது, பல ஆண்டுகளாகக் குன்னூரில் நாய்களோடு வாழ்கிறவன் என்ற முறையில், என் உறுதியான எண்ணம்.

சிறுத்தையைப் பிடிக்கக் கூண்டு வைப்பவர்கள், அதை உள்ளே வரவழைக்க ஓர் ஆட்டையோ நாயையோ கட்டிவைப்பார்கள். இரவு முழுவதும் வாசலில் சங்கிலியில் கிடக்கும் நாயும் அப்படிக் கட்டிவைத்த இரைதான், சுற்றிக் கூண்டு மட்டும் இல்லை. சிறுத்தைக்கு நாய் எப்போதாவது அகப்படும் உணவு என்று நினைப்பது பிழை. மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்) மாவட்டத்தில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே மனிதர்களோடு வாழும் சிறுத்தைகளின் மலத்தைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள், அவை உண்ட இரையின் எடையில் சுமார் 39 சதவீதம் நாய்களே என்று கண்டார்கள். ஆடுகளும் கன்றுகளும் இரவில் பட்டியில் அடைக்கப்படுகின்றன. நாய் மட்டும்தான் ஊரெங்கும் வெளியில் கிடக்கிறது. நம் தேயிலைச் சரிவுகளிலும் நிலைமை இதுவே. புதர்களில் பகல் முழுவதும் படுத்திருந்துவிட்டு, விளக்குகள் அணைந்த பிறகு சிறுத்தை ஊருக்குள் வருகிறது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பசித்த விலங்கு எளிதாகக் கிடைப்பதைத் தின்கிறது. எளிதாகக் கிடைக்கும்படி வைப்பது நாம்தான்.

அவிழ்த்துவிட்டால் ஓடித் தப்பிக்கும் என்று உங்கள் கணவர் எண்ணுவது மணியின் மேல் உள்ள அன்பினால்தான் என்று தெரிகிறது. ஆனால் பதுங்கி வந்து ஒரே பாய்ச்சலில் கழுத்தைக் கவ்வும் விலங்கிடமிருந்து நாய் ஓடித் தப்புவது அரிது. தப்பினாலும் அது எங்கே ஓடும்? தன் வீட்டுக்குத்தான். 2023 நவம்பரில், தீபாவளி நாளின் விடியலுக்கு முன், குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் நாயைத் துரத்திவந்த சிறுத்தை ஒன்று வீட்டுக்குள் நுழைந்து, மீட்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் உட்பட ஆறு பேரைக் காயப்படுத்தியது உங்களுக்கும் நினைவிருக்கும். வாசலில் கிடக்கும் நாய் வீட்டைக் காப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது குழந்தைகள் நடமாடும் முற்றத்துக்குச் சிறுத்தையை அழைத்துவருகிறது.

இரவில் சுற்றும் நாயால் காட்டுக்கும் தீங்கு உண்டு. அது கேளையாட்டுக் குட்டியையும் காட்டு முயலையும் துரத்தும். அதைவிடப் பெரிய தீங்கு, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற நோய். இந்தக் கிருமி செந்நாய்க்கும் நரிக்கும் பூனைக் குடும்பத்துப் பெரிய விலங்குகளுக்கும் தொற்றக்கூடியது. 2018இல் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் சிலவற்றின் உடலில் இந்தக் கிருமி கண்டறியப்பட்டது. செந்நாய்கள் கூட்டமாக வாழ்பவை. ஒன்றுக்குத் தொற்றினால் கூட்டமே அழியலாம். முதுமலையும் முக்குருத்தியும் நமக்கு எத்தனை அருகில் இருக்கின்றன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் மாமனாரின் தரப்பு. அவரை நான் எளிதாக மறுத்துவிட விரும்பவில்லை. அவர் தலைமுறையில் நாய் காவலுக்கு வளர்க்கப்பட்டது. காவலாளி வாசலில்தான் இருப்பான். வீட்டுத் தூய்மை பற்றிய அவர் கவலையும் நியாயமானதே. அவரிடம் இரண்டு செய்திகளைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவது, நாயின் காவல் அதன் பல்லில் இல்லை, மூக்கிலும் காதிலும் குரலிலும் இருக்கிறது. கதவுக்கு உள்ளே படுத்திருக்கும் நாயும், முற்றத்தைக் கடக்கும் கரடியையோ அந்நியரையோ அறிந்து குரைத்து வீட்டை எழுப்பிவிடும். இரண்டாவது, நாய் எல்லை கற்கும் விலங்கு. முன்கட்டின் ஒரு மூலையில் சாக்கை மடித்துப் போட்டு, அதுவே உன் இடம் என்று சில வாரங்கள் பொறுமையாகப் பழக்கினால், சமையலறைக்கும் சாமி அறைக்கும் போகாமல் அங்கேயே படுத்துக்கொள்ளும்.

அதற்கும் அவர் இணங்காவிட்டால், வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு கூடு கட்டுங்கள். ஆனால் அதைச் சரியாகக் கட்ட வேண்டும். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் மெல்லிய வலை போதாது. பற்றவைத்த கனமான கம்பி வலை வேண்டும். சிறுத்தை ஏறக்கூடியது என்பதால் மேற்புறமும் மூடியிருக்க வேண்டும். தோண்டி நுழையாதபடி தரை சிமெண்டாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து பாதம் நுழைந்தாலும் எட்டாதபடி, நாய் படுக்கும் பலகைப் பெட்டி வலையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். காற்று வீசும் பக்கத்தைத் தகரத்தால் அடைத்துவிடுங்கள். மார்கழி தை மாதங்களின் குளிரில் நாம் இரண்டு கம்பளிக்குள் சுருண்டுகொள்கிறோம். குட்டை முடி உள்ள நாட்டு நாய்க்கு மட்டும் குளிராதா?

பகலிலும் எந்நேரமும் கட்டியே வைப்பது இரக்கமின்மை மட்டுமன்று, குற்றமும்கூட. நியாயமற்ற நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயை உலவவிடாமல் இருப்பதையும், பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதையும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றங்களாகவே வகுத்திருக்கிறது. அச்சட்டத்தில் முதல் குற்றத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஓர் உயிரின் வாழ்நாள் துயரத்துக்கு இந்தத் தொகையா என்று எனக்கு ஆற்றாமை உண்டு. சட்டம் வலுவற்றிருக்கும் இடத்தில் நம் மனச்சாட்சி கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

உங்கள் தம்பியின் யோசனையை ஏற்காதீர்கள். இமயமலை இடையர்களின் பெரிய நாய்களுக்கே, சிறுத்தை கவ்வாதிருக்கக் கழுத்தில் முள் பதித்த இரும்புப் பட்டை அணிவிக்கிறார்கள். அந்த நாய்கள் கூட்டமாக, மந்தையோடும் மனிதரோடும் இருப்பவை. வாசலில் தனியாகக் கட்டிய ராட்வைலருக்கு அந்தத் துணையும் இல்லை. மேலும், அத்தகைய நாய்க்குத் தினமும் நீண்ட நடையும் தேர்ந்த பயிற்சியும் வேண்டும். அவை கிடைக்காதபோது அது பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆபத்தாகலாம். மே மாதம் ஊட்டியில் நடக்கும் நாய்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு ஆசையால் பெரிய இனக் குட்டிகளை வாங்கி, வளர்ந்த பின் சமாளிக்க முடியாமல் மலைப்பாதையில் இறக்கிவிட்டுச் செல்பவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கொதிக்கிறது. வீட்டிலேயே வளர்ந்த நாய்க்குத் தெருவில் ஒரு வேளை உணவு தேடத் தெரியாது.

நீங்கள் ஆசிரியை என்பதால் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வெறிநாய்க்கடி நோய் நம் மலையின் வரலாற்றோடு பிணைந்தது. 1902இல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் இந்த நோயால் இறந்தார். அன்று தென்னிந்தியாவில் இதற்குச் சிகிச்சை நிலையமே இல்லை. இமயமலைச் சரிவில் உள்ள கசௌலிக்குத்தான் போக வேண்டும். அந்த மரணம் எழுப்பிய துயரத்தின் தொடர்ச்சியாக, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் அளித்த கொடையின் உதவியோடு, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. சிம்ஸ் பூங்காவுக்கு அருகே இன்றும் நாம் பார்க்கும் கட்டடம் அதுதான். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள் போட்ட காலம் நம் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. அந்த மருந்து இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அந்த அச்சம் வீட்டுப் பேச்சில் இன்னும் உயிரோடு இருப்பதால், நாய் பிராண்டியதையும் கடித்ததையும் பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். இந்த மறைப்புதான் உயிரைப் பறிக்கிறது. நோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற வழி ஏறக்குறைய இல்லை.

ஆகவே உங்கள் வகுப்பில் சொல்லுங்கள். இப்போது ஊசி தோளில்தான். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போட்ட நாள், அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாட்கள் கழித்து என நான்கு முறை போனால் முடிந்துவிடும். கடிபட்ட இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. இரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்திலேயே போடும் எதிர்ப்புப்புரத (இம்யூனோகுளோபுலின்) மருந்தையும் கேட்டுப் பெற வேண்டும். கடித்தது நம் வீட்டு நாயாக இருந்தாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். மணிக்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும், டிஸ்டெம்பரையும் பார்வோவையும் தடுக்கும் கூட்டு ஊசியும் போடுங்கள். இதுவரை செய்யாவிட்டால் கருத்தடையும் செய்துவிடுங்கள். துணை தேடி இரவில் அலைவது குறையும். யாரும் ஏற்காத குட்டிகள் பேருந்து நிலையத்தில் பிறப்பதும் குறையும்.

இப்படிப்பட்ட ஊரில் நாய் வளர்ப்பதே பாவமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. உங்கள் மகன் கடையில் விலைபேசி ஓர் உயிரை வாங்கவில்லை. அவன் தூக்கி வராவிட்டால் அந்தக் குட்டி அதே சிறுத்தை உலவும் தெருவில், பசியோடும் நோயோடும் கிடந்திருக்கும். அவன் செய்தது நல்ல காரியம், அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. நாய் தருவதையும் நாம் குறைத்து எண்ணக் கூடாது. பள்ளி முடிந்து பேருந்து வளைவில் திரும்பும்போதே வீட்டில் எழுந்து நிற்கும் அந்தக் காதுகள், மூன்று நாள் விடாமல் பெய்யும் மழையில் காலடியில் கிடக்கும் அந்த வெதுவெதுப்பு, திட்டு வாங்கிய பிள்ளை யாரிடமும் சொல்லாததை அதனிடம் போய்ச் சொல்வது – இவற்றையெல்லாம் அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இத்தனையும் வாங்கிக்கொண்டு, இரவு வந்ததும் அதை இருட்டில் கட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதுதான் எனக்குத் தவறாகப் படுகிறது. உங்கள் மகன் உறங்காமல் இருப்பதும் அதனால்தான். அவன் மனம் சரியாகவே வேலை செய்கிறது.

மகன் கேட்டதற்கு விடை: கூட்டிப்போகலாம், ஆனால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே புறப்பட்டு, ஐந்தரை மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். கழுத்துவார் கையிலேயே இருக்கட்டும். காட்டெருமையைக் கண்டால் நாய் குரைத்துச் சீண்டிவிட்டு நம்மிடமே ஓடிவரும். பின்னால் வரும் காட்டெருமை முட்டுவது நம்மைத்தான். ஆகவே தொலைவில் தெரிந்தவுடனேயே வந்த வழியில் திரும்பிவிடுங்கள். மழைக்காலத்தில் சோலை ஓரத்து ஓடைகளில் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். மூக்குக்குள் அட்டை புகுந்துகொள்ளும். ஓயாமல் தும்மி, ஒரு துளையில் மட்டும் இரத்தம் கசிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீடு திரும்பியதும் காதுமடல்களிலும் விரல் இடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை உங்கள் மகனிடமே ஒப்படையுங்கள். விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் ஒருமுறை செய்துகாட்டிவிடுங்கள்.