மஞ்சள் தண்ணீரிலிருந்து தடய ஆய்வகம் வரை: கேள்வி பதில்

தடய அறிவியல் ஆய்வகத்தில் நச்சியல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவி, தேனி: மஞ்சள் தண்ணீரில் சோப்பு, எலுமிச்சை என்று எதையாவது கலந்து பார்ப்பேன் மேடம். அம்மா திட்டுகிறார். இதற்கும் தடய வேதியியலுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாகவே உண்டு. சோப்பில் இருக்கும் காரம் பட்டதும் மஞ்சள் சிவக்கிறது இல்லையா? பினாப்தலீன் என்ற வெள்ளைப் பொடியும் அப்படித்தான், காரம் பட்டால் நிறம் மாறும். லஞ்ச ஒழிப்புத் துறையினர் பொறி வைக்கும்போது இந்தப் பொடியை ரூபாய் நோட்டுகளில் தடவிக் கொடுத்தனுப்புவார்கள். பணத்தை வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால், தண்ணீர் மாதிரி இருந்த கரைசல் இளஞ்சிவப்பாகிவிடும். அதைப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து எங்களுக்கு அனுப்புவார்கள். சில பாட்டில்கள் மேஜைக்கு வரும்போது வெளிறிப் போயிருக்கும். நிறம் போனாலும் உள்ளே பினாப்தலீன் இருக்கிறதா என்று தனியே பிரித்துப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை.

நீ செய்வதை நிறுத்தாதே. எதை எவ்வளவு போட்டாய், என்ன ஆனது என்று நோட்டில் எழுதி வை. ஆனால் ஆசிட், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மா திட்டுவது அதற்காக என்றால் நான் அவர் கட்சி.

பி.எஸ்சி மாணவர், திருநெல்வேலி: தடய அறிவியல் பட்டம் இருந்தால்தான் வேலை கிடைக்குமா?

அப்படியில்லை தம்பி. முதலில் வேதியியலை ஆழமாகப் படியுங்கள், சிறப்புப் படிப்பு அப்புறம். தமிழ்நாட்டில் இளநிலை அறிவியல் அலுவலர்களை டி.என்.பி.எஸ்.சி வழியாக எடுக்கிறார்கள். தகுதி பிரிவுக்குப் பிரிவு மாறும், அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

ஒரு தந்தை, சேலம்: சினிமாவில் ஒரு சொட்டு விட்டதும் விஷம் தெரிந்துவிடுகிறது. நிஜத்திலும் அப்படியா?

இல்லை. நிறம் மாறுவது சந்தேகத்துக்குத்தான் போதும், வேறு முறையில் உறுதி செய்தே ஆக வேண்டும். 1832இல் இங்கிலாந்தில், தாத்தாவுக்குக் காபியில் ஆர்சனிக் வைத்ததாகப் பேரன்மேல் வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர் ஆர்சனிக்கை மஞ்சள் வீழ்படிவாக எடுத்துக் காட்டினார். ஜூரிகள் பார்ப்பதற்குள் அது கெட்டுப்போய்விட்டது, பேரன் விடுதலையானார். அந்த ஆதங்கத்தில் மார்ஷ் உழைத்து, 1836இல் புதிய சோதனையை வெளியிட்டார். ஆர்சனிக்கை வாயுவாக்கிச் சூடான கண்ணாடிக் குழாயில் செலுத்தினால் உள்சுவரில் கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்புப் படலம் படியும், அதை எடுத்துக் கோர்ட்டிலேயே காட்டலாம். உங்கள் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஒரு சோதனை ஏன் சொதப்பியது என்று விடாமல் கேட்கிற பிள்ளை இந்தத் துறைக்கு ஏற்ற பிள்ளை.

செவிலியர், விழுப்புரம்: மெத்தனாலும் சாராயமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றனவே, எப்படிப் பிரிக்கிறீர்கள்?

கண்ணாலோ மூக்காலோ முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலியானது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். உடல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்குகிறது. ஆய்வகத்தில் ரத்த மாதிரியை மூடிய குப்பியில் சூடாக்கி, மேலே எழும் ஆவியை கலவையைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் செலுத்துவோம். மெத்தனால் முதலில் வெளியே வரும், சாராயத்தில் வழக்கமாக இருக்கும் எத்தனால் பின்னால் வரும், திரையில் இரண்டும் தனித்தனி முகடுகளாகத் தெரியும். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: இப்படிப்பட்ட நோயாளிக்கு ரத்தம் எடுக்கும்போது ஸ்பிரிட் பஞ்சால் துடைக்காதீர்கள், அந்த ஸ்பிரிட்டும் எங்கள் கணக்கில் வந்துவிடும்.